எங்கள் நகரை ஊராக்கியவர்களுக்கு

அன்புள்ள ஊர்ப் பெரியவர்களுக்கும் அண்ணன் தம்பிமார்களுக்கும் அக்கா தங்கைகளுக்கும் வணக்கம்.

கூடுவாஞ்சேரிக்கு மேற்கே வயலாக இருந்த இடம் மனைகளாகி, அதில் நாங்கள் வீடு கட்டிக் குடிவந்தபோது அக்கம்பக்கம் என்று சொல்லிக்கொள்ள எங்களுக்கு யாரும் இல்லை. பத்து மனைக்கு ஒரு வீடு. நடுவிலெல்லாம் ஆள் மறையும் சீமைக்கருவேலம். பாதித் தெருக்களில் கம்பம் இருந்தது, விளக்கு இல்லை. இன்றைக்கு டியூஷன் முடித்துவிட்டு இரவு ஒன்பது மணிக்குப் பெண்பிள்ளைகள் சைக்கிளில் தனியாக வருகிறார்கள். இதற்குக் காரணமானவர்களுக்கு வாயால் சொன்ன நன்றி போதாது என்று சங்கக் கூட்டத்தில் எல்லோரும் சொன்னார்கள். அதனால்தான் இந்த மடல்.

முதலில் கிணற்று விஷயம். கடைசித் தெருவில் முள் மண்டிய மனையை நாங்கள் வெறும் புதர் என்றே நினைத்திருந்தோம். பந்து விழுந்தால் பிள்ளைகள் உள்ளே நுழைந்து எடுத்து வருவார்கள். ஆடு மேய்க்க வரும் பெரியவர்தான் ஒருநாள் நின்று, "உள்ளே கிணறு இருக்குதுப்பா, புள்ளைங்கள விடாதீங்க" என்றார். வாலிபத்தில் அதில் மாடு பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்தவர் அவர். முள்ளை வெட்டிப் பார்த்தால் கைப்பிடிச் சுவர்கூட இல்லாத கிணறு, பாசி பிடித்த தண்ணீர் தரைமட்டத்துக்குக் கொஞ்சம் கீழே. எங்களுக்கு உடம்பு நடுங்கிப் போயிற்று. மண்ணைக் கொட்டி மூடிவிடலாம் என்று பேச்சு எழுந்தபோதும் பெரியவர்தான் தடுத்தார். மழைக்காலத்தில் அந்தப் பக்கத்துத் தண்ணீர் முழுக்க அதில்தான் இறங்கும், மூடினால் உங்கள் வாசலில்தான் நிற்கும் என்றார். மனைக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார், போனிலேயே சம்மதம் கொடுத்தார். ஊரில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் தம்பி இரும்புக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டு கிணற்றின் வாய் முழுக்கக் கம்பிவலை அடித்துக் கொடுத்தார். குழந்தையின் பாதம்கூட நுழையாத அளவுக்கு நெருக்கமான கட்டங்கள், தூர் வார ஓரத்தில் பூட்டுப் போட்ட ஒரு கதவு. அதன் சாவி பெரியவர் வீட்டில்தான் இருக்கிறது. அங்கே இருப்பதுதான் சரி.

அடுத்தது டீக்கடை அண்ணனுக்கு. எங்கள் தெருப் பெரியம்மாவுக்கு நெஞ்சுவலி வந்த இரவில் 108 வண்டி ஏரிக்கரையிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. மனை எண்கள் வரிசையாக இல்லை, தெருக்களுக்குப் பெயர்ப்பலகையும் கிடையாது. கடையைச் சாத்திக்கொண்டிருந்த அண்ணன் பைக்கை எடுத்து முன்னால் ஓட்டி, வண்டியை வாசலுக்கே கூட்டிவந்தார். பெரியம்மா இப்போது நலம், காலையில் கோலம் போடுகிறார். அதற்கப்புறம் ஊர்ப் பள்ளியின் ஓவிய ஆசிரியரும் அவருடைய மாணவர்களும் ஒரு ஞாயிறு முழுக்க வெயிலில் நின்று, முனைக்கு முனை மஞ்சள் பூசிக் கறுப்பில் தெருப்பெயரும் மனை எண்களும் எழுதினார்கள். ஆம்புலன்ஸுக்குச் சொன்ன கையோடு ஒருவர் தெருமுனைக்குப் போய் நிற்பதும் இப்போது வழக்கமாகிவிட்டது.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். சின்னச் சின்னத் திருட்டுகள் நடந்தபோது, ஊர்ப் பக்கம் சுவர் எழுப்பி கேட் போடலாம் என்று எங்களில் சிலர் கேட்டார்கள். பயத்தில் கேட்டதுதான். எங்கள் வழக்கறிஞர் அம்மா பொறுமையாக எடுத்துச் சொன்னார்: மனைப்பிரிவுக்கு அனுமதி வாங்கியபோதே சாலைகளும் பூங்கா இடமும் தானப் பத்திரம் மூலம் ஊராட்சிக்குப் போய்விட்டன, அவை பொதுவழி, அடைக்க நமக்கு உரிமை இல்லை. சட்டம் இடம் கொடுத்திருந்தாலும் அந்தச் சுவர் கூடாது என்பதுதான் என் எண்ணம். விடியற்காலை பால் கேனோடு போகிறவரும், பூக்கூடையோடு ரயிலுக்கு ஓடும் அக்காக்களும், பள்ளிக்கு நடக்கும் பிள்ளைகளும் அந்த வழியாகத்தான் போகிறார்கள். பூட்டிய வீட்டின் பின்கதவு திறந்திருப்பதைப் பார்த்துச் சொன்னவர் அந்தப் பால்காரர்தான். சுவர் எழுப்பியிருந்தால் யார் பார்த்திருப்பார்கள்?

விளக்கு வந்த கதையும் இப்படித்தான். அக்டோபர் 2 கிராம சபையில் நாங்கள் மனுவோடு போய் எப்படிப் பேசுவது என்று தயங்கி நின்றோம். மகளிர் குழு அக்காக்கள் எழுந்து, எந்தக் கம்பத்தில் விளக்கு இல்லை, எங்கே ஒயர் தொங்குகிறது என்று கம்பம் கம்பமாகச் சொன்னார்கள். தீர்மானத்தில் ஏறியது. வார்டு உறுப்பினர் விடாமல் அலைந்து எல்இடி விளக்குகளை வாங்கித் தந்தார்.

ரோந்து வரும் காவலர்களுக்கும் நன்றி. வெளியூர் போவதை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள், ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போங்கள் என்று வீடு வீடாக வந்து சொன்னார்கள். வண்டி நம்பர் தெரிகிற உயரத்தில் கேமராவை வைக்கச் சொன்னதும் அவர்கள்தான்.

கட்டட வேலைக்கு ஒடிசாவிலிருந்து வந்து தகரக் கொட்டகையில் தங்கியிருக்கும் தம்பிகளையும் மறக்க முடியாது. மழை இரவில் மீட்டர் பெட்டியில் தீப்பொறி பறந்ததைப் பார்த்து, மொழி தெரியாமல் கதவைத் தட்டி எழுப்பியவர்கள் அவர்கள். மேஸ்திரிகளிடம் எங்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: வேலை முடிகிறவரை சம்ப் தொட்டிகளைத் திறந்து போடாதீர்கள், இரவில் பலகையாவது போட்டு மூடுங்கள்.

காணும் பொங்கலன்று மாலை பூங்கா இடத்தில் எல்லோருக்கும் சாப்பாடு. ஊரும் நகரும் ஒரே பந்தியில் உட்கார வேண்டும் என்பது எங்கள் ஆசை. கொட்டகைத் தம்பிகளும் கட்டாயம் வர வேண்டும். வீடு வீடாக வந்து அழைப்போம், அதுவரை இந்த மடலையே அழைப்பாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

நன்றியுடன்,
செயலாளர்,
குடியிருப்போர் நலச் சங்கம்