சின்ன விளையாட்டுகளுக்கும் இடம் கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம். கணினி விளையாட்டு என்றாலே துப்பாக்கிச் சண்டையைப் பற்றித்தான் எல்லாரும் எழுதுகிறார்கள், ஒரே உட்காரலில் முடிந்துவிடும் சின்ன காதல் விளையாட்டுகளைப் பற்றியும் உங்கள் பக்கங்களில் எழுதுங்களேன். கனடாவைச் சேர்ந்த கிறிஸ்டீன் லவ் 2010-இல் இலவசமாக வெளியிட்ட 'டிஜிட்டல்: எ லவ் ஸ்டோரி'யையே எடுத்துக்கொள்ளுங்கள். கதை நடப்பது 1988-இல். திரை முழுக்க அந்தக் காலத்து அமிகா கணினி மாதிரி நீல நிறம், மோடத்தில் தொலைபேசி எண்ணை டயல் செய்து, அது கிறீச்சிட்டு இணைப்புக் கிடைத்த பிறகுதான் எமிலியா என்ற பெண்ணின் செய்திகளைப் படிக்கவே முடியும். அப்புறம் நாம் பதில் அனுப்புகிறோம், ஆனால் என்ன எழுதினோம் என்பதை விளையாட்டு காட்டுவதே இல்லை. அவள் அடுத்து எழுதுவதை வைத்து நாமே ஊகித்துக்கொள்ள வேண்டும். எவ்வளவு அழகான யோசனை! முகம்கூடத் தெரியாத ஒருத்தியின் பதிலுக்காக மனம் அடித்துக்கொண்டதை என்னால் மறக்க முடியவில்லை. முடிவைச் சொல்லமாட்டேன். இது ரென்பை என்ற இலவச மென்பொருளில் செய்தது, கதை எழுதத் தெரிந்த நம் பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி