பனங்கூடலுக்குக் கைகொடுத்தவர்களுக்கு

யாழ்ப்பாணத் தீவான வேலணையில் எங்கள் ஊர்க் கரையோரம் இருந்த பனங்கூடல், யுத்த காலத்தில் பங்கர்களுக்காகத் தறிக்கப்பட்டது. மூன்று ஆவணிக்கு முன் அந்த வெட்டையில் 10 அடிக்கு ஒன்றாகப் பனங்கொட்டை ஊன்றத் தொடங்கினோம். இன்று முழங்கால் உயரத்துக்கு வடலி, அதாவது இளம் பனை, நிற்கிறது. ஆகவே இந்த மடல்.

முதல் வருடம் தை பிறந்ததும் போய்ப் பார்த்தால் பாதிக் குழிகள் கிண்டிக் கிடந்தன. கொட்டை முளைத்து மண்ணுக்குள் விழும் பனங்கிழங்குக்காகக் கிண்டியது வெளியாட்கள் இல்லை, எங்கள் சனம்தான். கூட்டத்தில் ஆளுக்காள் சத்தம் போட்டோம். அப்போது ஒரு அம்மா எழும்பி, "கிழங்கு வித்துத்தான் பிள்ளைக்குக் கொப்பி வாங்கினனான். எனக்கொரு வழி சொல்லிப்போட்டுக் காவல் போடுங்கோ" என்றார். யாரிடமும் பதில் இல்லை. அடுத்த ஆவணியில் பொறுக்கிய கொட்டையில் சரிபாதியை வீட்டுக் கிழங்குப் பாத்திகளுக்குக் கொடுத்தோம், மீதிதான் கூடலுக்கு. அதற்குப் பிறகு ஒரு குழியிலும் கை வைக்கப்படவில்லை. அம்மா, முதல் நன்றி உங்களுக்கு.

கள்ளுச் சீவும் தொழில் செய்த பெரியவர் ஒருவர், பனைமுளை முதலில் கீழேதான் இறங்கும், ஓலை தலைகாட்ட மாதக்கணக்காகும் என்று சொல்லித் தந்தார். இல்லாவிட்டால் பட்டுப்போய்விட்டதென்று நாங்களே கிளறியிருப்போம். வெளிநாட்டு உறவுகள் வட்ஸ்அப்பில் "மரம் எங்கே?" என்று கேட்டபோது வெறும் மண்ணைத்தான் படம்பிடித்து அனுப்பினோம். அதைப் பார்த்தும் மறு வருடம் காசு அனுப்பினீர்களே, பெரிய மனசு.

பெட்டி இழைக்கும் அக்காமாரைத் தனியாகச் சொல்ல வேண்டும். குருத்தை வெட்ட வெட்ட வடலி குன்றிப்போகும். இந்த வடலிகளில் குருத்து எடுப்பதில்லை என்று தாங்களே முடிவெடுத்து, வேறு காணிகளில் ஓலையைக் காசுக்கு வாங்குகிறார்கள். பனை பூக்க 12, 15 வருடம் செல்லும். ஆணா பெண்ணா என்பதே அப்போதுதான் தெரியும். அதற்காக இன்று தம் கூலியில் குறைத்துக்கொள்வது சின்ன விசயமில்லை.

ஆடு மாடு வராமல் வேலி போடக் கிளுவைக் கதியால் தந்த வீட்டுக்காரர்கள், கொட்டை பொறுக்கிய பள்ளிப் பிள்ளைகள், தேத்தண்ணி ஊற்றிய மாமி, எல்லோருக்கும் நன்றி.

லாண்ட்மாஸ்டர் (இருசக்கர உழவு இயந்திரம்) கூலியை வாங்காமல் ஓடிய தம்பி! காசு பொருளாளரிடம் அப்படியே இருக்கிறது. வந்து வாங்கும். வராவிட்டால் வருகிற ஆவணிக்கு உம்முடைய வண்டிக்கே டீசல் அடித்துவிடுவோம்.