ஒப்பாரிக்குத் தடை வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

நான் 30 வருடங்கள் தேயிலைக் கொழுந்து பறித்து ஓய்வுபெற்றவள். கடந்த மாதம் எங்கள் தோட்டத்துப் பெண்கள் சம்பள உயர்வு கேட்டு, மானாப்புல்லில் கொடும்பாவி கட்டிப் பாடையில் கிடத்தி, தப்பு மேளம் முழங்கச் சந்தியில் மாரடித்து அழுதார்கள். தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் பரம்பரையே அந்த ஒப்பாரியில் இழுபட்டது. கடுஞ்சொற்கள்தான், மறுக்கவில்லை. ‘உயிரோடிருப்பவருக்கு ஒப்பாரியா, தடைசெய்ய வேண்டும்’ என்று எங்கள் ஆட்களே சிலர் பேசுவது எனக்கு வேதனையளிக்கிறது.

1992 ஜூலையில் நம் இலங்கையில் அரசை எதிர்த்து ‘ஜன கோஷா’ என்ற சத்தப் போராட்டம் நடந்தது. மணி, மேளம், சட்டி பானை என்று கால் மணி நேரம் சத்தம். பொலிஸார் அதைத் தடுத்தார்கள். அதுவும் அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை காக்கும் பேச்சுச் சுதந்திரமே என்று உயர் நீதிமன்றம் 1993இல் தீர்ப்பளித்தது.

அமெரிக்காவில் நடந்தது இதைவிடக் கொடியது. போருக்குப் போய் இறந்த சிப்பாயின் இறுதிச் சடங்கு நடந்த நேரத்தில் ஒரு கிறிஸ்தவ சபையினர் வசைப் பதாகைகள் ஏந்தி நின்றார்கள். 2011இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 8க்கு 1 என்ற நீதிபதிகளின் பெரும்பான்மையில் அவர்களுக்கும் பாதுகாப்பு அளித்தது. பிள்ளையைப் புதைத்த தாய் நான். அத்தீர்ப்பை என் மனம் ஏற்கவில்லை. ஆனால் எங்கள் பெண்கள் எந்தச் சாவு வீட்டையும் நாடிப் போகவில்லை. பொதுச் சந்தியில், சம்பளம் கொடுக்கும் அதிகாரத்தைப் பார்த்து அழுதார்கள். ‘அடி, கொளுத்து’ என்று எவரையும் ஏவவில்லை. ஏவியிருந்தால் தடுப்பதற்கு 15ஆம் உறுப்புரை இருக்கிறது.

அடக்கமாக எழுதிய மனுக்களை மூன்று முறை கொடுத்தோம், பதிலில்லை. பாடை இறங்கிய அன்று மாலையே பேச்சுவார்த்தைக்குத் திகதி குறித்தார்கள்.

ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளி,
ஹட்டன்.