மணல்மேட்டை மனை என்று விற்றது குறித்தும், கட்டிய 7 லட்சத்தைத் திருப்பித் தரக் கோரியும்

அனுப்புநர்: மனை எண் 14-க்கு முன்பணம் கட்டியவர், மதுரை.
பெறுநர்: நிர்வாக இயக்குநர் அவர்கள்.

ஐயா, வணக்கம்.

கடந்த மாசியில் உங்கள் வேனில் பாம்பன் தீவுக்கு அழைத்துப் போய், தென்கடல் ஓரம் ஒரு மனையைக் காட்டினீர்கள். 18 லட்சம் விலை பேசி, இரண்டு தவணையாக 7 லட்சம் கட்டிவிட்டேன். ஷார்ஜாவில் 11 வருடம் வெல்டிங் வேலை பார்த்துச் சேர்த்த காசு. புதுப் பாலம் வந்துவிட்டது, ராமேசுவரத்துக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று உங்கள் ஆட்கள் சொன்னதை நம்பினேன்.

ஆடியில் நானே தனியாகப் போய்ப் பார்த்தேன். சோளகக் காற்றில் கண்ணைத் திறக்க முடியவில்லை. நான்கு மஞ்சள் எல்லைக்கல்லில் இரண்டைக் காணோம். மூன்றாவதை முழங்கை ஆழம் மணலைத் தோண்டி எடுத்தேன். சுற்றிலும் இராவணன் மீசைப் புல்லும் அடம்பன்கொடியும்தான். மாசியில் ஜேசிபி விட்டு முன்பக்கத்தை நிரவி வைத்திருந்ததால் அது மணல்மேடு என்றே எனக்குத் தெரியாமல் போய்விட்டது. அலை ஒதுக்கிய பாசியிலிருந்து மனை வரை டேப் பிடித்தேன். 64 மீட்டர் வந்தது. பக்கத்தில் வலை பொத்திக்கொண்டிருந்த பெரியவர், "இது ஆண்கடல் தம்பி, ஆடியில வந்து பார்த்துட்டுல்ல வாங்கணும்" என்றார். தீவின் தெற்கே கொந்தளிக்கும் கடலைத்தான் அங்கே ஆண்கடல் என்கிறார்கள்.

உங்கள் மேலாளரிடம் கேட்டேன். "ரூல் மாறிடுச்சு சார், வீடு கட்ட இப்போ கடலிலிருந்து 50 மீட்டர் விட்டால் போதும்" என்றார். 2019 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிப்பில் அந்த 50 மீட்டர் யாருக்கு? 2011 கணக்கெடுப்பின்படி சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் வாழும் கிராமப் பகுதிகளுக்கு. மற்ற கிராமப் பகுதிகளுக்கு 200 மீட்டர்தான். அதைக்கூட விடுங்கள். அந்த மண்டலத்தில் மணல்மேடு எங்கே இருந்தாலும், அது அந்த அறிவிப்பின் மிகக் கடுமையான முதல் வகையில் வருகிறது. அங்கே வீடு கட்ட எனக்கு யார் அனுமதி தருவார்கள்? இடம் விற்பதே தொழிலாக வைத்திருக்கும் உங்களுக்கு இது தெரியாது என்று சொன்னால் நான் ஏற்க மாட்டேன்.

அப்புறம், ரெரா, அதாவது வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் சட்டத்தின் கீழ் வாங்க வேண்டிய பதிவு எண்ணைக் கேட்டால் "அப்ளை பண்ணியிருக்கோம்" என்கிறீர்கள். பதிவு கிடைக்கும் முன் விளம்பரம் செய்யவோ முன்பதிவு எடுக்கவோ விற்கவோ கூடாது என்கிறது அந்த 2016 சட்டத்தின் 3-ஆம் பிரிவு. பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது 13-ஆம் பிரிவு. என் கணக்கில் அது 1.8 லட்சம். நீங்கள் வாங்கியது 7 லட்சம், கொடுத்தது இரண்டு ரசீது. மனைப்பிரிவுக்கு டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) தரும் ஒப்புதலைக் கேட்டபோது பஞ்சாயத்துத் தீர்மான நகலை நீட்டினார்கள்.

என் அம்மாவின் அப்பா தனுஷ்கோடியில் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். 1964 டிசம்பர் புயலில் கடையும் வீடும் போய், உடுத்திய துணியோடு மண்டபம் வந்து சேர்ந்தார்கள். அதே தீவில் காற்றையும் அலையையும் தடுத்து நிற்கும் மேட்டை வெட்டி, அதன் மேல் என் பிள்ளைகளைக் குடிவைக்க என்னிடமே பணம் வாங்கியிருக்கிறீர்கள். இதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

மாற்று மனை தருவதாக உங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். எனக்கு வேண்டாம். இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் 7 லட்சத்தையும், பணம் கட்டிய தேதியிலிருந்து வட்டியையும் என் வங்கிக் கணக்கில் செலுத்துங்கள். நிரவிய மேட்டில் இனி ஜேசிபி இறக்காதீர்கள். தவறினால் அதே 2016 சட்டத்தின் 31-ஆம் பிரிவின் கீழ் ரெரா ஆணையத்தில் புகார் கொடுப்பேன். ரசீதுகள், உங்கள் விளம்பரத் தாள், மாசியிலும் ஆடியிலும் எடுத்த புகைப்படங்கள் ஆகியவற்றின் நகல்களை இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மனை எண் 14-க்குப் பணம் கட்டியவர்