பலகை இல்லாத வேலி

மன்ஹாட்டன், கான்சாஸ்
நவம்பர் 18

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கே நலம். நீங்களும் சித்தியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன வாரம் போனில், "அடுத்தவன் காட்டுக்குள்ள துப்பாக்கியோட போறானுங்களா? காட்டுக்காரன் சும்மாவா விடுறான்?" என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்லச் சொல்ல நீங்கள் "ஆங்? ஆங்?" என்றீர்கள். அதற்குள் சித்தி போனை வாங்கிவிட்டார். இது எழுதிச் சொல்ல வேண்டிய விஷயம் என்று அப்போதே தோன்றியது.

அமெரிக்காவில் நான் இருக்கும் இந்தக் கான்சாஸ் மாநிலத்தில் ஏறக்குறைய எல்லாமே பட்டா நிலம்தான். நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்குக்கு மேல் தனியாருடையது. சர்க்கார் காடு, புறம்போக்கு எல்லாம் சொற்பம். அப்படியானால் வேட்டை லைசென்ஸ் வாங்கினவன் எங்கே போவான்? முன்பெல்லாம் விவசாயியின் கதவைத் தட்டிக் கேட்டாலே போதுமாம். பிறகு பிள்ளைகள் டவுனுக்குப் போனார்கள், நிலம் கைமாறியது, வசதியானவர்கள் வேட்டைக்கென்றே குத்தகை பிடித்தார்கள், தட்டக் கதவில்லாமல் போயிற்று. 1995-இல் இந்த மாநிலம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. விருப்பமுள்ள விவசாயி பருவம் முடியும்வரை வேட்டைக்கு மட்டும் நிலத்தை மாநிலத்திடம் விடலாம், ஏக்கருக்கு இவ்வளவு என்று காசு வரும். இன்று சுமார் 10 லட்சம் ஏக்கர் இப்படித் திறந்து கிடக்கிறது. காசில் பெரும்பகுதி லைசென்ஸ் கட்டணமும், துப்பாக்கி, தோட்டா வரியும். நீளத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 11 சதவீத வரி, அதை வனவிலங்குக்கென்று ஒதுக்கி 1937-இல் போட்ட மத்தியச் சட்டம் இன்னும் ஓடுகிறது. வேட்டைக்காரனிடம் வாங்கி வேட்டைக்காரனுக்கே செலவழிக்கிறார்கள். எனக்கு இது நியாயமாகத்தான் படுகிறது.

பருவம் தொடங்கிய சனிக்கிழமை எங்கள் லேப் டெக்னீஷியன் என்னையும் கூட்டிப்போனார். அறுபதை நெருங்குகிறவர். எனக்குத் துப்பாக்கி கிடையாது, பயப்படாதீர்கள், அப்பாவிடமும் சொல்லிவிடுங்கள். ஆரஞ்சு நிறத்தில் ஒரு சட்டையை மாட்டிவிட்டு, "என் இடது கைப்பக்கமே வா, முன்னால் போகாதே" என்றார். இப்படித் திறந்துவிட்ட நிலம் என்று காட்ட வேலிக் கம்பத்தில் முறம் அளவு பலகை, அதில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று எழுதியிருக்கும். வண்டி ரோட்டிலேயே நிற்க வேண்டும், உள்ளே நடைதான்.

நாங்கள் நடந்தது பயிர் வைக்காத நிலம். பயிர் வைக்காமல் புல்லாக விட்டால் மத்திய அரசு பத்துப் பதினைந்து வருடத்துக்குக் காசு கொடுக்கிறது, 1985-லிருந்து. நீங்கள் சிரிப்பது இங்கே கேட்கிறது. புல் சில இடங்களில் என் தலைக்கு மேல். காய்ந்து, நம்ம சோளத்தட்டை நிறத்தில், நடக்க நடக்கச் சரசரவென்று சத்தம். நாய் ஓரிடத்தில் வாலை விறைத்து நின்றது. அவர் இரண்டடி வைத்தார். காலடியிலிருந்து ஒரு சேவல் கொக்கரித்துக்கொண்டே எழுந்தது பாருங்கள், நான் கீழே உட்கார்ந்துவிட்டேன். பச்சைத் தலை, கழுத்தில் வெள்ளை வளையம், நீண்ட வால். ஃபெசன்ட் என்று பெயர், மயிலுக்குப் பங்காளிதான், ஒரே குடும்பம். சேவலை மட்டும் சுடலாம், பெட்டை கூடாது. ஆளுக்கு நாளைக்கு நாலு. வீட்டுக்குக் கொண்டுபோகும்போது ஒரு காலையோ தலையையோ விட்டுவைக்க வேண்டும், வழியில் அதிகாரி நிறுத்தினால் சேவல் என்று காட்ட. அவர் அன்று இரண்டு சுட்டார்.

திரும்பும்போது நான்தான் சொதப்பினேன். அடிபட்ட ஒன்று ஓடியதென்று ஓரமாகப் போய், தெரியாமல் அடுத்தவர் நிலத்துக்குள் நுழைந்துவிட்டேன். வரப்பும் இல்லை, வேலி பாதி சாய்ந்து கிடந்தது. பத்து நிமிடத்தில் ஒரு பிக்கப் வண்டி. அந்த மனிதர் கத்தவில்லை. இறங்கி, "பலகை எங்கே முடிகிறது என்று பார்த்தாயா?" என்றார். அவ்வளவுதான். கத்தியிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது.

வண்டியில் டெக்னீஷியன் விளக்கினார். கான்சாஸில் வேலியில் எதுவுமே எழுதியில்லை என்றாலும் கேட்காமல் நுழையக்கூடாது. கம்பத்தில் ஊதாப் பெயின்ட் அடித்திருந்தால் எழுத்தில் அனுமதி வேண்டும். இதே வேலி வடக்கு டகோட்டாவில் இருந்தால் கதையே வேறு. 'வராதே' என்று காட்டுக்காரன் அறிவிக்காதவரை வேட்டைக்கு நுழையலாம் என்பது அங்கே பழைய வழக்கு, சட்டமும் அதுதான். இப்போது வராதே என்பதைக் கம்ப்யூட்டரிலேயே பதியலாமாம். அங்கேயும் காசு கொடுத்துத் திறக்கும் நிலம் உண்டு, மஞ்சள் முக்கோணப் பலகை போட்டிருக்கும். நடுவில் இரண்டே மாநிலம், பலகை இல்லாத வேலிக்கு இங்கே ஓர் அர்த்தம், அங்கே நேர் எதிர் அர்த்தம்!

எனக்குப் பிடித்தது மொன்டானா மாநிலத்து முறை. போன வருடம் அவரோடு மான் வேட்டைக்குப் போயிருந்தேன் (அப்போதும் வெறுங்கைதான்). நிலத்தின் வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி, உள்ளே சீட்டுக் கட்டு, நூலில் கட்டிய பென்சில். பெயர், தேதி, லைசென்ஸ் விவரம் எழுதிப் போட்டுவிட்டு உள்ளே போகவேண்டியதுதான். காவலாள் கிடையாது. எத்தனை பேர் வந்தார்கள் என்று சீட்டை எண்ணித்தான் நிலத்துக்காரருக்குப் பணம். சில இடங்களில் முன்பே அனுமதி வாங்க வேண்டும், அது வேறு வகை. இந்தத் திட்டம் 1985-லிருந்து நடக்கிறது. அந்தப் பென்சிலை யாரும் எடுத்துப்போகவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். நம்ம ஊர் பேங்கில் பேனா கட்டிய நூல் மட்டும் தொங்குமே!

டெக்சாஸில் காசுதான் பேசும். நல்ல நிலமெல்லாம் தனிக் குத்தகை. வருடத்துக்கு 48 டாலர் அனுமதிச்சீட்டு ஒன்று உண்டு, ஆனால் அந்த மாநிலத்தின் அளவுக்கு அது திறக்கும் நிலம் கொஞ்சம்.

யாராவது விழுந்து காலை ஒடித்துக்கொண்டு நிலத்துக்காரன்மேல் வழக்குப் போட்டால்? நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். பொழுதுபோக்குக்கு வருபவனுக்கு ஆகும் விபத்துக்கு நிலத்துக்காரனைப் பெரும்பாலும் பொறுப்பாக்க முடியாதபடி எல்லா மாநிலத்திலும் சட்டம் இருக்கிறது. அது இல்லையென்றால் ஒருத்தரும் பலகை நட்டிருக்க மாட்டார்கள்.

டெக்னீஷியன் அன்று சுட்ட சேவலில் ஒன்றை எனக்குக் கொடுத்தார். மிளகும் சீரகமும் அரைத்து, நம்ம காடை வறுவல் மாதிரி வைத்தேன். கறி கொஞ்சம் நார் நாராக இருந்தது. இரண்டு ஈயக் குண்டு பல்லில் கடிபட்டது, மூன்றாவதை விழுங்கிவிட்டேன் என்று நினைக்கிறேன். சித்தியிடம் சொல்ல வேண்டாம்.

உங்கள் கடலைக் காட்டில் மயில் இறங்குகிறது என்றீர்களே, வலை கட்டினீர்களா? வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இலேயே நம் கையைக் கட்டிவிட்டது, கல்லெறிந்து வம்பில் மாட்டிக்கொள்ளாதீர்கள். பொங்கலுக்கு வர டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறேன், விலைதான் இறங்கவில்லை.

அன்புடன்,
உங்கள் மகன்
செல்வம்