எங்க அம்மா கேட்ட கேள்வி

ஆசிரியருக்கு வணக்கம்,

மனசு ஒரு சமயம் அளவுக்கு மீறின உற்சாகத்துக்கும் ஒரு சமயம் டிப்ரஷனுக்கும் போற பைபோலார் வியாதி பரம்பரையா வரும்னு போன இதழ்ல வந்த கட்டுரைய எங்க அம்மா ரெண்டு தடவ படிச்சிட்டு, "அப்ப என் வழியாத்தான் தம்பிக்கு வந்துச்சா"ன்னு எங்கிட்ட கேட்டாங்க. தம்பிக்கு 19 வயசுல இது வந்துச்சு, இப்ப 34 ஆகுது, இத்தன வருஷமா இந்தக் கேள்விய மனசுக்குள்ளயே வச்சிருந்திருக்காங்கன்னு அன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது. அம்மாவோட அண்ணனுக்கும் இதே மாதிரி இருந்துச்சு, அப்ப அதுக்கு யாரும் ஒரு பேரு கூட சொல்லல.

பரம்பரைன்னு நீங்க எழுதுனது தப்பில்ல, ஆனா பாதியிலயே விட்டுட்டீங்க. பொதுவா 100 பேர்ல சுமாரா ஒருத்தருக்கு வர்றது, அப்பா அம்மால ஒருத்தருக்கு இருந்தா பிள்ளைக்கு 5லேர்ந்து 10 சதவீதம்னு கூடுது, நிஜம்தான், ஆனா அதுலயும் பெரும்பாலான பிள்ளைங்களுக்கு வரதில்லயே! ஜீன் அச்சு அசலா ஒண்ணா இருக்கற ட்வின்ஸ்ல கூட ஒருத்தருக்கு இருந்தா இன்னொருத்தருக்கு வர்றது 40லேர்ந்து 70 சதவீதம்னுதான் சொல்றாங்க, முழு 100 இல்ல.

ஒரே ஒரு ஜீன் கெட்டுப்போய் வர்ற வியாதியும் இல்ல இது. 1987ல அமெரிக்காவுல ஆமிஷ்ங்கற கிறிஸ்தவ சமூகத்துக் குடும்பங்கள ஆராய்ஞ்சு, ஜீன்களச் சுமக்கற குரோமோசோம்கள்ல 11வதுல இதுக்கான ஜீன் இருக்கற இடத்தக் கண்டுபிடிச்சிட்டோம்னாங்க, ரெண்டே வருஷத்துல அது நிக்கல. 2021ல வந்த பெரிய ஆய்வுல ஜீன் வரிசைல இதோட சம்பந்தப்பட்ட 64 இடம் கிடைச்சுது, 2025ல 298. ஒவ்வொண்ணும் கொஞ்சூண்டுதான் பங்கு, அப்பா பக்கமிருந்தும் வரும் அம்மா பக்கமிருந்தும் வரும், எனக்குள்ளயும் சிலது இருக்கும், உங்களுக்குள்ளயும் இருக்கும்.

மிச்சம் வெளியிலேர்ந்து வருது. சின்ன வயசுல பட்ட கொடுமை, கஞ்சா, பிரசவத்துக்கு அப்புறம் வர்ற வாரங்கள், ஸ்டீராய்டு மாத்திரை, இதெல்லாம் உண்டு. ஆனா எங்க வீட்ல பாத்தது தூக்கம். தம்பி பல மாசம் டிப்ரஷன்ல இருந்தான், ஒரு டாக்டர் அதுக்கு மட்டும் மாத்திரை குடுத்தாரு, முன்னாடி வீட்ல யாருக்காவது இருந்துச்சான்னு கேக்கவே இல்ல. அப்புறம் பரீட்சைக்காக மூணு ராத்திரி தூங்கல, நாலாவது நாள் எனக்கு இனிமே தூக்கமே தேவையில்லன்னு நிறுத்தாம பேசிட்டே இருந்தான், நாங்க பையன் தேறிட்டான்னு சந்தோஷப்பட்டோம். அந்த டிப்ரஷன் மாத்திரையும் சிலருக்கு மேனியாவ, அதாவது இந்த அளவுக்கு மீறின உற்சாக நிலைய, கிளப்பி விடும், தூக்கம் கெட்டதும் கிளப்பி விடும், அதே சமயம் தூக்கம் குறையறதே மேனியாவோட முதல் அறிகுறியாவும் இருக்கும், அதனால எது முன்னாடி வந்துச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் எங்களால பிரிக்க முடியல.

இப்ப மனநிலைய சீரா வைக்கற லித்தியம் மாத்திரை சாப்பிடறான், ரத்தத்துல அளவு சரியா இருக்கான்னு டெஸ்ட் பண்ணிக்கறான், பத்து மணிக்குப் படுத்துடறான். ரெண்டு நாள் சேந்தாப்ல நாலு மணி நேரம் மட்டும் தூங்கி சோர்வே இல்லாம எழுந்தான்னா நாங்க டாக்டருக்கு போன் பண்ணிடுவோம். ஜீன நாங்க மாத்த முடியாது, இத பண்ண முடியுது.

இந்த மிச்சப் பாதியையும் அடுத்த இதழ்ல போடுங்க சார். நான் வாயால சொன்னா அம்மா ஆறுதலுக்குச் சொல்றேன்னு நெனைக்கறாங்க, உங்க பத்திரிகைல வந்தா நம்புவாங்க.

இப்படிக்கு,
உங்கள் வாசகி