சரளையில் கால் வைக்காதீர்கள்: ஏப்ரலில் ட்ரவுட் பிடிக்கப் போகும் நம்மவர்களுக்கு ஒரு திறந்த மடல்

ரொறன்ரோவிலும் சுற்றுவட்டாரத்திலும் இருந்து ஏப்ரல் கடைசியில் தூண்டிலோடு கிளம்பும் அண்ணைமார், தம்பிமார், தங்கச்சிமார் எல்லோருக்கும்,

வணக்கம்.

ஏப்ரல் மாதத்தின் நான்காம் சனிக்கிழமை நெருங்குகிறது. தெற்கு ஒன்ராறியோவின் பெரும்பாலான ஆறுகளில், குளிர்ந்த தண்ணீரில் வாழும் ட்ரவுட் மீனைப் பிடிக்க அன்றுதான் அனுமதி தொடங்கும். விடிய முன்னமே நாலைந்து பேராகக் காரில் ஏறி 401 நெடுஞ்சாலையில் கிழக்கே போவோம். சிலர் ஏஜாக்ஸில் டஃபின்ஸ் ஓடையோடு நின்றுவிடுவார்கள், சிலர் நியூகாசிலில் வில்மொட் ஓடைவரை, மிச்சப் பேர் போர்ட் ஹோப்பில் கனராஸ்கா ஆறுவரை. அந்தக் கரைகளில் நம்மவர் முகங்கள் வருடாவருடம் கூடிக்கொண்டு வருவது எனக்குப் பெரிய சந்தோஷம். பனிக்காலம் முழுக்க வீட்டுக்குள் அடைந்து கிடந்த பிள்ளைகள் ஆற்றங்கரையில் ஓடித் திரிவதைப் பார்க்கவே மனம் நிறைகிறது. அந்த உரிமையில்தான் ஒன்று கேட்கிறேன். முதல் சில வாரங்களுக்கு, ஆற்றின் ஆழமில்லாத சரளைப் பகுதிக்குள் இறங்காதீர்கள். அங்கே நிற்கும் மீனுக்குத் தூண்டிலும் போடாதீர்கள்.

ஏன் என்று கேட்பீர்கள். அந்த நேரத்தில் ஆற்றில் ஏறியிருப்பது றெயின்போ ட்ரவுட். ஆற்றில் பிறந்து, ஒன்ராறியோ ஏரி மாதிரியான பெரிய ஏரிக்கோ கடலுக்கோ போய்ப் பெருத்து, உடம்பு வெள்ளியாக மின்ன முட்டையிடத் திரும்பி வரும் றெயின்போவைத்தான் ஸ்டீல்ஹெட் என்கிறார்கள். பசிபிக் கரையோரத்து மீன் இது. 19ஆம் நூற்றாண்டில் ஒன்ராறியோ ஏரி உள்ளிட்ட பேரேரிகளில் கொண்டுவந்து விட்டார்கள். நம் ஊரில், இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளி ஓடைகளில் வெள்ளைக்காரர் விட்டதும் இதே இனம்தான். கனராஸ்காவில் ஏறுகிற மீன்கள் பெரும்பாலும் அந்த ஆற்றிலேயே பிறந்தவை. ஓக் ரிட்ஜஸ் மேட்டு நிலத்தின் ஊற்றுத் தண்ணீர் கோடையிலும் குளிர்ச்சியாக வருகிறது, அடியில் நல்ல சரளை கிடக்கிறது. இரண்டும் சேர்ந்து கிடைப்பதால்தான் அங்கே மீன் பெருகுகிறது.

நம்மவர்கள் பலர் ஒரு கணக்குப் போடுகிறார்கள்: "முட்டை போட்டதும் சாகப்போற மீன்தானே, பிடித்தால் என்ன?" செப்டம்பர், ஒக்டோபரில் ஏறும் சினூக் சமன் (salmon) மீனைப் பார்த்துப் பழகியதால் வரும் கணக்கு இது. சினூக் முட்டையிட்டதும் செத்துவிடும், அது உண்மை. றெயின்போ அப்படியில்லை. முட்டையிட்டுவிட்டு ஏரிக்குத் திரும்பிப் போய், தப்பிப் பிழைத்தால் அடுத்த வசந்தத்திலும் அதற்கடுத்த வசந்தத்திலும் வரக்கூடியது. ஒரு பெரிய பெட்டை மீன் ஒரு தடவைக்கு ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அதைச் சரளைமேல் வைத்துக் கொன்றால் அந்த வருடத்து முட்டையும் போச்சு, வரப்போகிற வருடங்களின் முட்டையும் போச்சு.

சரளைப் படுக்கையை அடையாளம் காண்பது கஷ்டமில்லை. முழங்காலளவு தண்ணீரில், பாசி படிந்த கற்களுக்கு நடுவே, கழுவித் துடைத்த மாதிரி வெளிறிய ஒரு நீள்வட்டம் தெரியும். பெட்டை மீன் ஒருக்களித்துப் படுத்து, வாலால் அடித்து அடித்துத் தோண்டிய இடம் அது. மேல்பக்கம் ஒரு குழி, அதை ஒட்டிக் கீழ்ப்பக்கம் சின்ன மேடு. முட்டைகள் கிடப்பது அந்த மேட்டுக்குள். அதில்தான் நாங்கள் போய் நிற்கிறோம், ஏனென்றால் கால் வைக்க உறுதியாக, சேறில்லாமல் இருக்கிறது. போன வசந்தத்தில் ஒரு வளைவில் இளைஞர்கள் சிலர், மார்புவரை போடும், தண்ணீர் புகாத வேடர்ஸ் (waders) உடுப்போடு, அப்படியொரு மேட்டில் காலை முழுக்க நின்றார்கள். பக்கத்தில் ஒரு பெட்டை மீன் விலகிப் போவதும், திரும்ப வருவதும், மறுபடி விலகுவதுமாக இருந்தது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

முட்டை அங்கே ஒன்றிரண்டு நாள் கிடந்து போவதில்லை. தண்ணீர் 10 பாகை செல்சியஸில் இருந்தால் பொரிக்க ஏறத்தாழ ஒரு மாதம். 5 பாகை என்றால் இரண்டரை மாதத்துக்கும் மேல். பொரித்த பிறகும் குஞ்சுகள் சில வாரம் கல்லிடுக்கிலேயே கிடக்கும். அதாவது ஏப்ரல் நடுவில் விட்ட முட்டை, ஜூன் மாதத்திலும் நம் காலுக்கடியில் இருக்கலாம். மிதித்தால் என்ன ஆகும் என்று அமெரிக்காவின் மொன்டானாவில் ட்ரவுட் முட்டைகளை வைத்தே சோதித்துப் பார்த்தார்கள். 1992இல் வெளிவந்த அந்த ஆய்வில், பொரிக்கும் தறுவாயில் ஒரேயொரு தடவை மிதித்ததற்கே 43 சதவீதம்வரை செத்தன. வளர்ச்சிக்காலம் முழுவதும் தினம் இரண்டு தடவை மிதித்த இடத்தில் குறைந்தது 83 சதவீதம் செத்தன. திறப்பு நாளில் போர்ட் ஹோப் கரையில் எவ்வளவு கூட்டம் என்று உங்களுக்கே தெரியும்.

சரி, சரளையை விட்டால் எங்கே பிடிப்பது? ஆழமான இடங்களில். உண்மையில் நல்ல மீன்பிடியே அங்கேதான் இருக்கிறது. முட்டையிடுகிற மீனுக்குச் சாப்பாட்டில் கவனமில்லை. அதன் வாயில் மாட்டாமல் வயிற்றிலும் செட்டையிலும் முள் மாட்டிவிடும். வாயில் மாட்டாத மீனை உடனே விட்டுவிட வேண்டும் என்பது சட்டம். ஆனால் புதிதாக ஏறிவருகிற மீனும், முட்டையிட்டு முடித்துப் பசியோடு ஏரிக்கு இறங்குகிற மீனும் ஆழமான இடங்களில் நிற்கும். அவைதான் இரையை எடுக்கும்.

அதற்குத் தண்ணீரைப் பார்க்கத் தெரிய வேண்டும். மழையோ பனிக்கரைவோ வந்த மறுநாள் ஆறு பால் தேத்தண்ணி நிறத்தில் பாயும். அன்று போய்ப் பிரயோசனமில்லை, ஆபத்தும்கூட. மட்டம் இறங்க இறங்கக் கலங்கல் தெளிந்து, ஒரு மங்கலான பச்சை வரும். உங்கள் காலணியின் நுனி இரண்டடி ஆழத்தில் மங்கலாகத் தெரிகிறதா, அதுதான் நாள். அடி தெளிவாகத் தெரியுமளவுக்குப் போய்விட்டால் மீன் மிரளும். மெல்லிய தங்கூசியும், மீன் முட்டைகளை வலைத்துணியில் கட்டிய சின்னச் சினைப்பொட்டலமும் போட்டு, விடியற்காலையில் பிடிக்க வேண்டும். கலங்கலில் பெரிய பொட்டலம், பளிச்சென்ற நிற வலைத்துணி. ஆற்றின் மட்டத்தையும் ஓட்டத்தையும் மத்திய அரசு இணையத்தில் உடனுக்குடன் போடுகிறது, கனராஸ்காவுக்கும் இருக்கிறது. வீட்டிலிருந்தே பார்த்துவிட்டுக் கிளம்பலாமே.

வெப்பநிலையும் முக்கியம். தண்ணீர் 4 பாகைக்குக் கீழே என்றால் மீன் சோம்பிப்போய் ஆழக்குழிகளில் அடியோடு ஒட்டி நிற்கும். இரையைத் தேடி வராது, வாய்க்கு நேரே கொண்டுபோக வேண்டும். அப்படிப்பட்ட நாளில் காலை ஐந்து மணிக்குப் போய் நடுங்குவதைவிட, வெயில் ஏறி இரண்டு பாகை கூடிய மத்தியானத்தில் போவது மேல். ஆற்றின் அடியோட்டம் மேலோட்டத்தைவிட மெதுவானது. தக்கையைக் கொஞ்சம் பிடித்துப் பிடித்து விட்டால்தான் இரை அடியோட்டத்தின் வேகத்தில் போகும். இது ஒன்று கைவந்தால் போதும், சரளைப் பக்கம் உங்களுக்கு வேலையே இருக்காது.

கரையில் நின்று பிடிக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. அந்தத் தண்ணீரில் விழுந்தால் சில நிமிடத்தில் கைவிரல்கள் இயங்காது. 1980 மார்ச் 21இல் இதே கனராஸ்கா பெருகிப் போர்ட் ஹோப் நகர மையத்தையே அடித்துக்கொண்டு போனது. வெள்ள எச்சரிக்கை வந்தால் அன்று வீட்டிலேயே இருங்கள்.

சாப்பாட்டுக்கு மீன் எடுப்பதை நான் குறை சொல்லவில்லை. அனுமதித்த அளவுக்குள், இறங்கிப் போகிற மீனில் ஒன்றை எடுத்துக் குழம்பு வையுங்கள், தாராளமாக. ஆனால் சினைக்காக வயிற்றைக் கீறிவிட்டு உடலைப் புதருக்குள் எறிவதைப் பார்க்கும்போது நெஞ்சு கொதிக்கிறது. அது சட்டப்படியும் குற்றம். அப்புறம், ஏரி மீனில் எதை மாதம் எத்தனை வேளை சாப்பிடலாம் என்று மாகாண அரசு வழிகாட்டி வைத்திருக்கிறது. கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் அளவு குறைவு. கட்டாயம் பாருங்கள்.

கடைசியாக, வருடாவருடம் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போகிற ஊர்ச் சங்கங்களுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும் தனியாக ஒரு வேண்டுகோள். இந்த முறை தூண்டிலைக் கட்ட முன்னம் எல்லோரையும் போர்ட் ஹோப்பில் கனராஸ்கா மேலுள்ள கோர்பெட் அணைக்குக் கூட்டிப்போங்கள். 1974இல் அங்கே மீன் ஏறுவதற்கென்று ஒரு வழி அமைத்தார்கள். ஏறும் மீன்களை இயற்கைவள அமைச்சு எண்ணுகிறது. அணையருகே மீன்பிடித் தடை எல்லையைக் காட்டும் பலகைகளைக் கவனியுங்கள், அங்கே பார்க்க மட்டும்தான். மீன் பாய்வதைப் பிள்ளைகள் பார்த்த பிறகு, ஆற்றங்கரைக்கு வந்து ஒரு சரளைப் படுக்கையைக் கரையில் நின்றே காட்டிக் கொடுங்கள். பொறுப்பாக ஒருவரை நியமித்து, மே மாத முடிவுவரையாவது யாரும் சரளைக்குள் இறங்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். சனி, ஞாயிறு எந்த நாளானாலும் சரி.

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து உங்களில் ஒருவன்